போஸ்ட்கிரெஸ் சர்வரைப் பொறுப்பேற்பவருக்கு: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிவைப்பது

அலுவலகத்தில் ஒருவர் வேலை மாறிப் போகிறார். அவர் பார்த்துக்கொண்டிருந்த தரவுத்தள சர்வர் உங்கள் பொறுப்புக்கு வருகிறது. இந்தத் தொழிலுக்குப் பலரும் இப்படித்தான் வந்து சேர்கிறார்கள். கைக்குக் கிடைப்பது ஒரு ஐபி முகவரியும் ஒரு கடவுச்சொல்லும். இணையத்தில் தேடினால் வேகத்தைக் கூட்டுவது எப்படி என்ற குறிப்புகளே முன்னால் வந்து நிற்கும். அவற்றை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். தரவு தொலைந்தால் திரும்பக் கிடைக்குமா, டிஸ்க் எப்போது நிரம்பும், உள்ளே யார் யார் வரலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரியாத வரை வேகத்துக்காக எதையும் தொடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

நான் எடுத்துக்கொண்டது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986-இல் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கி, 1996-இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற பெயரைப் பெற்றது. உரிமக் கட்டணம் கிடையாது. உபுண்டு அல்லது டெபியன் கணினியில் அது ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். அடிக்கோடு வரும் இடத்தில் நீங்களும் அடிக்கோடு இடுங்கள்.

முதல் நாள்: பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்

முதல் நாளில் எதையும் மாற்ற வேண்டாம். 'போஸ்ட்கிரெஸ்' என்ற லினக்ஸ் பயனராக மாறி 'பிஎஸ்கியூஎல்' நிரலைத் திறந்தால் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விடும். அந்தப் பெயரில் லினக்ஸில் நுழைந்தவர் என்பதே அங்கு அடையாளம். பின்சாய்வுக் கோட்டோடு 'எல்' அடித்தால் தரவுத்தளங்களின் பட்டியல் வரும். 'டிடி' அட்டவணைகளையும் 'டியு' பயனர்களையும் காட்டும். 'கியூ' அடித்து வெளியே வரலாம். 'ஷோ டேட்டா_டைரக்டரி', 'ஷோ கான்ஃபிக்_ஃபைல்', 'ஷோ ஹெச்பிஏ_ஃபைல்' ஆகிய மூன்றையும் கேட்டு, வரும் பாதைகளை ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். டெபியன் குடும்பத்தில் தரவு ஓரிடத்திலும் அமைப்புக் கோப்புகள் வேறிடத்திலும் இருக்கும். நள்ளிரவில் பிரச்சினை வரும்போது அவற்றைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இராது.

பதிப்பு எண்ணையும் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டுகள் திருத்தங்கள் கிடைக்கும். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் இரண்டாம் வியாழக்கிழமையில் சிறு பதிப்புகள் வெளியாகும். உங்கள் சர்வரின் பதிப்பு ஐந்து ஆண்டுகளைத் தாண்டிவிட்டது என்றால், இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்கு நாட்காட்டியில் இப்போதே ஒரு தேதி குறித்துவிடுங்கள்.

தமிழில் பெயரும் முகவரியும் சேமிக்கும் சர்வர் என்றால் இன்னும் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். தரவுத்தளங்களின் பட்டியலில் குறியாக்கம் 'யுடிஎஃப்8' என்று இருக்கிறதா? சரியான மொழி அமைப்பு இல்லாத கணினியில் நிறுவியிருந்தால் 'எஸ்கியூஎல்_ஆஸ்கி' என்று இருக்கும். அப்படியிருந்தால் சர்வர் எழுத்துகளைச் சரிபார்க்காமல் வந்ததையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும். அடுத்தது அகரவரிசை. 'சி' என்ற வரிசைமுறை யூனிகோடு எண்களின்படி அடுக்குவதால் னகரம் நகரத்தை ஒட்டியும், றகரம் ரகரத்தை ஒட்டியும் வந்து நிற்கும். வாடிக்கையாளர் பட்டியல் எந்தத் தமிழ் அகராதியோடும் ஒத்துப்போகாது. பெயர்களை வரிசைப்படுத்தும் இடத்தில் 'டிஏ-எக்ஸ்-ஐசியு' என்ற வரிசைமுறையைக் குறிப்பிட்டால் நெடுங்கணக்குப்படி வரும். எழுத்தெண்ணிக்கையையும் கவனியுங்கள். 'தமிழ்' என்ற சொல் நம் கணக்கில் மூன்று எழுத்து. ஆனால் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் போஸ்ட்கிரெஸ் அதை ஐந்து என்று எண்ணும். சேமிப்பில் அது 15 பைட். பெயர் நெடுவரிசைக்கு 20 எழுத்து போதும் என்று முடிவு செய்தவர் ஆங்கிலப் பெயர்களை மனத்தில் வைத்துக் கணக்கிட்டிருப்பார்.

பேக்கப்: இங்கே அதிக நேரம் செலவிடுங்கள்

2017 ஜனவரி 31 இரவு நிரலாளர்களின் மூலக்குறியீட்டைச் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் படிக்க வேண்டிய நிகழ்வு. முதன்மை சர்வரின் நகலாக ஓடும் துணை சர்வரின் தரவு அடைவை (ஃபோல்டரை) அழிக்க நினைத்த பொறியாளர் ஒருவர், முதன்மை சர்வரில் அந்தக் கட்டளையை ஓட்டிவிட்டார். சட்டென்று நிறுத்தியும் சுமார் 300 ஜிபி போய்விட்டது. பேக்கப்பைத் தேடினார்கள். அன்றாடம் சேர்ந்திருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. சர்வர் 9.6 பதிப்பு, பேக்கப் எடுத்த 'பிஜி_டம்ப்' கருவி 9.2 பதிப்பு; பதிப்பு பொருந்தாததால் கருவி ஒவ்வொரு நாளும் பிழை சொல்லி நின்றிருக்கிறது. அதைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. சோதனைக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன்பு கையால் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட், அதாவது டிஸ்க்கின் அந்தக் கண நகல்தான், கடைசியில் கைகொடுத்தது. அந்த ஆறு மணி நேரத் தரவு திரும்பவில்லை. நடந்ததையெல்லாம் அந்த நிறுவனம் மறைக்காமல் வெளியிட்டதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. முதலில் 'பிஜி_டம்ப்'. இது தரவுத்தளத்தின் ஒரு கணத்தைப் பிடித்து, அந்தக் கணத்தில் இருந்தபடியே முழுவதையும் கோப்பாக எழுதித் தரும். ஓடிக்கொண்டிருக்கும்போது பயனர்கள் படிக்கலாம், எழுதலாம். அட்டவணையின் அமைப்பை மாற்றும் வேலைகள்தான் காத்திருக்க வேண்டும். 'கஸ்டம்' வடிவத்தில் எடுங்கள். அது சுருக்கப்பட்டிருக்கும், பிறகு வேண்டிய ஓர் அட்டவணையை மட்டும்கூட எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பயனர்களும் அவர்களின் கடவுச்சொற்களும் இந்தக் கோப்பில் வரா. அவை தனித்தனித் தரவுத்தளத்துக்கு உரியவை அல்ல, முழு சர்வருக்கும் பொதுவானவை. 'பிஜி_டம்ப்ஆல்' கருவியை 'குளோபல்ஸ்-ஒன்லி' விருப்பத்தோடு ஓட்டி அவற்றைத் தனியே எடுக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

இந்த வேலையை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் போட்டு வைக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. 'பிஜி_டம்ப்' வெளியீட்டைக் குழாய்வழியே 'ஜிஜிப்' என்ற சுருக்கும் கருவிக்கு அனுப்பும் பழைய ஸ்கிரிப்ட்கள் இன்னும் நிறைய இடங்களில் ஓடுகின்றன. குழாயில் கடைசியாக நிற்கும் கட்டளையின் முடிவைத்தான் ஷெல் பார்க்கும். 'பிஜி_டம்ப்' தோற்றுப்போனாலும், வெறுமையைச் சுருக்கித் தந்த 'ஜிஜிப்' வெற்றி என்றே சொல்லும். கோப்பு உருவாகும், தேதி சரியாக இருக்கும், அளவு மட்டும் 20 பைட். பாஷ் ஸ்கிரிப்ட் என்றால் தொடக்கத்தில் 'பைப்ஃபெயில்' விருப்பத்தைப் போடுங்கள். கோப்பின் அளவு நேற்றைய அளவிலிருந்து வெகுவாகக் குறைந்தால் எச்சரிக்கும்படி ஒரு வரியும் சேருங்கள். தோல்வியை மட்டும் தெரிவிக்கும் ஏற்பாட்டை நம்பக் கூடாது. எச்சரிக்கையே வராமல் போகலாம் என்பதைத்தான் கிட்லேப் நிகழ்வு காட்டியது. வெற்றிச் செய்தி தினமும் வரட்டும், வராத நாளில் விசாரியுங்கள்.

அடுத்து மீட்டுப் பார்ப்பது. மாதம் ஒருமுறையாவது வேறு ஒரு கணினியில் செய்யுங்கள். அங்கே போஸ்ட்கிரெஸ் நிறுவி, முதலில் பயனர்களின் கோப்பை ஓட்டுங்கள். பிறகு 'கிரியேட்டிபி' கொண்டு வெற்றுத் தரவுத்தளம் ஒன்றை உண்டாக்கி, 'பிஜி_ரிஸ்டோர்' கருவியை நான்கு இணை வேலைகளோடும், பிழை வந்தால் நின்றுவிடும் விருப்பத்தோடும் ஓட்டுங்கள். முடிந்ததும், தரவு பற்றிய புள்ளிவிவரங்களைத் திரட்டும் 'அனலைஸ்' கட்டளையை ஓட்டுங்கள். இல்லையென்றால் வினவல்கள் (தரவைக் கேட்கும் கட்டளைகள்) எல்லாம் மந்தமாகத் தெரியும். கடைசியாக வந்த ரசீது எண்ணைக் கேளுங்கள். முக்கியமான அட்டவணைகளில் எத்தனை வரிகள் என்று எண்ணி உண்மைச் சர்வரோடு ஒப்பிடுங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை எவ்வளவு நேரம் ஆனது என்பதைக் குறித்து மேலாளரிடம் கொடுங்கள். சர்வர் போனால் எவ்வளவு நேரத்தில் திரும்பும் என்று அவர் கேட்கும்போது சொல்லக்கூடிய நேர்மையான பதில் அந்த எண் ஒன்றுதான்.

தினசரி டம்ப் மட்டும் இருந்தால் ஒரு நாள் முழுவதும் பதிவான தரவு தொலைந்து போகலாம். அதைத் தாங்க முடியாத இடத்தில் இரண்டாவது முறை வேண்டும். போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் அட்டவணைக் கோப்புகளைத் தொடும். டபிள்யூஏஎல் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த மாற்றப் பதிவேடு 16 எம்பி துண்டுகளாகச் சேரும். முழுத் தரவு அடைவையும் 'பிஜி_பேஸ்பேக்கப்' கொண்டு ஒருமுறை நகலெடுத்து, அதன் பிறகு நிறையும் ஒவ்வொரு துண்டையும் வேறிடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால், இடைப்பட்ட எந்த நிமிடத்துக்கும் திரும்பலாம். காலை 11:42-க்கு ஒருவர் நிபந்தனை இல்லாத 'டெலீட்' கட்டளையை ஓட்டிவிட்டார் என்றால், அடிப்படை நகலை வேறு கணினியில் விரித்து, 'ரிக்கவரி_டார்கெட்_டைம்' என்ற அமைப்பில் 11:41 என்று எழுதித் தொடங்குங்கள். பதிவேட்டை அதுவரை மட்டும் மறுபடி ஓட்டி நிறுத்திக்கொள்ளும். இதைக் கையால் அமைப்பதைவிட 'பிஜிபேக்ரெஸ்ட்' அல்லது 'பார்மன்' கருவியைப் பயன்படுத்துவதே நல்லது.

துணை சர்வர் ஒன்று ஓடுகிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. முதன்மையில் நடந்த அழிப்பு அடுத்த நொடியே துணையிலும் நடந்துவிடும்.

டிஸ்க் நிரம்பும் நாள்

மாற்றப் பதிவேட்டை எழுத இடமில்லை என்றால் போஸ்ட்கிரெஸ் நின்றுவிடும். எழுதிவிட்டேன் என்று பொய் சொல்வதைவிட நிற்பதே சரி என்பது அதன் வடிவமைப்பு. ஆகவே 70 விழுக்காட்டில் ஓர் எச்சரிக்கையும் 85-இல் உரத்த ஓர் எச்சரிக்கையும் வையுங்கள்.

நிரம்பிய டிஸ்க்கில் எது பெரிதாக இருக்கிறது என்று தேடும்போது தரவு அடைவுக்குள் 'பிஜி_வால்' என்ற அடைவு கண்ணில் படும். உள்ளே புரியாத எண்களில் ஆயிரக்கணக்கான கோப்புகள் இருக்கும். அவற்றை ஒருபோதும் கையால் அழிக்காதீர்கள். முன்பு இதன் பெயர் 'பிஜி_எக்ஸ்லாக்'. பெயரில் இருந்த 'லாக்' என்ற சொல்லை நம்பி, பழைய பதிவுக் கோப்புகள்தானே என்று அழித்துத் தரவுத்தளத்தையே இழந்தவர்கள் உண்டு. அதனால்தான் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் பெயரையே மாற்றினார்கள். அந்த அடைவு பெருத்திருந்தால் வழக்கமாகக் காரணம் இரண்டில் ஒன்று. பதிவேட்டுத் துண்டுகளை வெளியே அனுப்பும் கட்டளை தோற்றுக்கொண்டிருக்கிறது. 'பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவர்' என்ற பார்வையில் (அட்டவணை போலவே கேட்டுப் படிக்கக்கூடிய 'வியூ') தோல்வி எண்ணிக்கை தெரியும். அல்லது எப்போதோ நிறுத்திவிட்ட துணை சர்வருக்கான ரெப்ளிகேஷன் ஸ்லாட் (அது பதிவேட்டை எதுவரை பெற்றது என்ற குறிப்பு) இன்னும் இருக்கிறது. அந்தச் சர்வர் என்றாவது வந்து கேட்கும் என்று முதன்மை சர்வர் எல்லாத் துண்டுகளையும் பத்திரப்படுத்திக்கொண்டிருக்கிறது. 'பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ்' பார்வையில் செயலில் இல்லாத ஸ்லாட்டைக் கண்டால், அது வேண்டாதது என்று உறுதி செய்துகொண்டு நீக்குங்கள். காரணம் தீர்ந்ததும் அடுத்தடுத்த செக்பாயின்ட்களின்போது, அதாவது நினைவகத்தில் உள்ள மாற்றங்கள் அட்டவணைக் கோப்புகளில் எழுதி முடிக்கப்படும் தருணங்களில், கோப்புகள் தாமாகவே குறையும். 13-ஆம் பதிப்பிலிருந்து 'மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ்' என்ற உச்சவரம்பும் இருக்கிறது. அதற்கு ஓர் அளவைக் கொடுத்துவிட்டால் ஒரு ஸ்லாட் முழு டிஸ்க்கையும் விழுங்க முடியாது.

யார் உள்ளே வரலாம்

'பிஜி_ஹெச்பிஏ' கோப்பில் ஒவ்வொரு வரியும் ஒரு விதி: எந்த வழியில், எந்தத் தரவுத்தளத்துக்கு, எந்தப் பயனர், எந்த முகவரியிலிருந்து, எப்படி அடையாளம் காட்ட வேண்டும். மேலிருந்து கீழே படித்து, பொருந்துகிற முதல் வரியோடு சர்வர் முடிவெடுத்துவிடும். அந்த வரியில் கடவுச்சொல் தவறினால் அடுத்த வரிக்குப் போகாது. கட்டுப்பாடான விதியை எழுதிவிட்டு அதற்கு மேலே தாராளமான விதி ஒன்று நிற்பதைக் கவனிக்காமல் விடுவதே வழக்கமான பிழை. 'டிரஸ்ட்' என்ற சொல் எங்காவது இருந்தால் அங்கே கடவுச்சொல்லே கேட்கப்படாது என்று பொருள். தேடிப் பார்த்து 'ஸ்க்ராம்-ஷா-256' என்ற கடவுச்சொல் முறைக்கு மாற்றுங்கள். மாற்றியபின் சர்வரை மறுதொடக்கம் செய்ய வேண்டியதில்லை, 'ரீலோட்' போதும். அதற்கு முன் 'பிஜி_ஹெச்பிஏ_ஃபைல்_ரூல்ஸ்' பார்வையைப் பாருங்கள். எழுத்துப்பிழை இருந்தால் அங்கே தெரியும்.

5432 என்ற போர்ட்டைத் திறந்த இணையத்துக்குக் காட்ட வேண்டாம். செயலி ஓடும் கணினியின் முகவரிக்கு மட்டும் திறந்து, மற்றவர்கள் விபிஎன் வழியே வரட்டும்.

செயலி எந்தப் பயனர் பெயரில் உள்ளே வருகிறது என்றும் பாருங்கள். 'போஸ்ட்கிரெஸ்' என்ற அதிகாரப் பயனராகவே வந்துகொண்டிருந்தால், இணையதளத்தில் இருக்கும் ஒரு சிறு ஓட்டை முழு சர்வரையும் திறந்துவிடும். அட்டவணைகளுக்கு உரிமையாளராக ஒரு பயனர், செயலிக்குப் படிக்கவும் எழுதவும் மட்டும் உரிமையுள்ள இன்னொருவர், அறிக்கை எடுப்பவர்களுக்குப் படிக்க மட்டும் உரிமையுள்ள மூன்றாமவர் எனப் பிரியுங்கள். கடவுச்சொல்லை மாற்ற 'பிஎஸ்கியூஎல்' நிரலில் பின்சாய்வுக் கோட்டோடு 'பாஸ்வேர்டு' என்று அடியுங்கள். 'ஆல்டர் ரோல்' கட்டளையில் நேரடியாக எழுதினால் கடவுச்சொல் கட்டளை வரலாற்றிலும், சில அமைப்புகளில் சர்வர் பதிவிலும் அப்படியே தங்கிவிடும்.

வாக்கியூம் என்ற அன்றாட வேலை

போஸ்ட்கிரெஸில் ஒரு வரியைத் திருத்தினால் பழைய வரி அழிவதில்லை. புதிய வடிவம் ஒன்று எழுதப்பட்டு, பழையது அப்படியே கிடக்கும். அந்தக் கணத்தில் வேறு யாராவது பழைய வடிவத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம் என்பதே காரணம். படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரையொருவர் தடுக்காமல் இருப்பது இதனால்தான். யாருக்கும் தேவைப்படாத பழைய வரிகளைக் கண்டுபிடித்து, அந்த இடத்தை மறுபடி பயன்படுத்தக்கூடியதாக ஆக்குவது வாக்கியூமின் வேலை. ஆட்டோவாக்கியூம் இதைப் பின்னணியில் தானே செய்கிறது. டிஸ்க்கை இது அதிகம் பயன்படுத்துகிறது என்று சொல்லி அதை நிறுத்தச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள்.

இயல்பு அமைப்பில், ஓர் அட்டவணையின் வரிகளில் 20 விழுக்காடும் அதோடு 50 வரிகளும் செத்துப்போனால் ஆட்டோவாக்கியூம் அங்கே வரும். 10,000 வரிகள் உள்ள அட்டவணைக்கு இது பொருத்தம். 10 கோடி வரிகள் உள்ள விற்பனை அட்டவணைக்கு 2 கோடி வரிகள் செத்த பிறகுதான் வரும் என்றால் அதற்குள் அட்டவணை ஊதிவிடும். பெரிய அட்டவணைகளுக்கு மட்டும் 'ஆட்டோவாக்கியூம்_வாக்கியூம்_ஸ்கேல்_ஃபேக்டர்' அளவை 0.02 அல்லது 0.01 என்று 'ஆல்டர் டேபிள்' மூலம் குறைத்து வையுங்கள். 'பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸ்' பார்வையில் செத்த வரிகளின் எண்ணிக்கையும், ஆட்டோவாக்கியூம் கடைசியாக வந்த நேரமும் தெரியும். வாரம் ஒருமுறை அதைப் பாருங்கள்.

'வாக்கியூம் ஃபுல்' வேறு வகை. அது அட்டவணையை முழுவதும் புதிதாக எழுதி இடத்தை டிஸ்க்குக்குத் திருப்பித் தரும். முடியும் வரை அந்த அட்டவணையை யாரும் படிக்கக்கூட முடியாது. வேலை நேரத்தில் ஓட்டக்கூடாது.

வாக்கியூம் ஓடியும் செத்த வரிகள் குறையவில்லை என்றால் பெரும்பாலும் எங்கோ ஒரு பரிவர்த்தனை (சேர்ந்தே நிறைவேற வேண்டிய கட்டளைகளின் தொகுப்பு) திறந்தபடி கிடக்கிறது என்று பொருள். 'பிகின்' என்று தொடங்கிவிட்டு 'கமிட்' சொல்லாமல் ஒரு செயலி காத்திருக்கிறது. அது எந்த நிமிடமும் பழைய வரியைக் கேட்கலாம் என்பதால் அது தொடங்கிய பிறகு செத்த வரிகளை வாக்கியூமால் அகற்ற முடியாது. 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி' பார்வையில் 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' என்ற நிலையில் நெடுநேரமாக இருப்பவர் யார் என்று பாருங்கள். 'ஐடில்_இன்_டிரான்சாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட்' என்ற அமைப்பில் நேர வரம்பு எதுவும் இயல்பில் இல்லை. செயலி எழுதுபவர்களோடு பேசி ஐந்து அல்லது பத்து நிமிடம் என்று வைத்துவிடுங்கள்.

இதில் ஆழமான ஆபத்து ஒன்று உண்டு. தரவை மாற்றும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 32 பிட் எண் தரப்படுகிறது. அந்த எண்கள் வட்டமாகச் சுழல்வதால் 200 கோடியைச் சற்றுத் தாண்டிய தூரம்தான் பின்னோக்கிப் பார்க்க முடியும். பழைய வரிகளை வாக்கியூம் உறையவைத்து அந்தக் கணக்கிலிருந்து விடுவிக்காவிட்டால், எல்லை நெருங்கும்போது சர்வர் புதிய எண் தர மறுத்துவிடும். எழுதும் வேலைகள் அத்தனையும் நிற்கும். 2015-இல் மென்பொருள் பிழைகளைக் கண்காணிக்கும் சென்ட்ரி சேவையும், 2019 பிப்ரவரியில் மெயில்சிம்ப்பின் மாண்ட்ரில் மின்னஞ்சல் சேவையும் இதனால் முடங்கின. 'பிஜி_டேட்டாபேஸ்' அட்டவணையில் 'டேட்ஃப்ரோசன்எக்ஸ்ஐடி' நெடுவரிசையின் வயதை 'ஏஜ்' சார்பின் மூலம் கேட்டுக் கண்காணியுங்கள். 20 கோடியை எட்டும்போது ஆட்டோவாக்கியூம் கட்டாய வேலையைத் தொடங்கும், அது இயல்பே. 50 கோடியைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனால் எதுவோ அதைத் தடுக்கிறது; அன்றே விசாரியுங்கள்.

பூட்டு: ஒரு பிற்பகல் நடப்பது

மாலை மூன்று மணி. நிர்வாகப் பிரிவில் ஒருவர் ஆண்டறிக்கைக்காக விற்பனை அட்டவணையில் நீண்ட 'செலக்ட்' ஒன்றை ஓட்டுகிறார். அது முடிய இருபது நிமிடம் ஆகும். யாருக்கும் தொந்தரவில்லை. இந்த நேரத்தில் செயலிக் குழுவிலிருந்து ஒருவர் அதே அட்டவணையில் ஒரு நெடுவரிசை சேர்க்க 'ஆல்டர் டேபிள்' கொடுக்கிறார். ஒரு நொடி வேலைதான். ஆனால் அதற்கு முழுப் பூட்டு வேண்டும், அறிக்கை முடியும் வரை காத்திருக்கிறது. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு சாதாரண 'செலக்ட்' கட்டளையும் காத்திருக்கும் 'ஆல்டர்' கட்டளைக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. மூன்று நிமிடத்தில் இணைப்புகள் தீர்ந்து, இணையதளம் திறக்கவில்லை என்று தொலைபேசி அடிக்கிறது. சர்வரில் சிபியு சும்மா இருக்கும். டிஸ்க்கும் சும்மா இருக்கும். புதியவர் குழம்பிப்போவது இங்கேதான்.

இந்த நிலையில் 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி' பார்வையில் ஒவ்வொரு இணைப்புக்கும் 'பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ்' சார்பைக் கேளுங்கள். யாரை யார் தடுக்கிறார் என்று சங்கிலியாகத் தெரியும். பலரும் நிற்பது 'ஆல்டர்' கட்டளைக்காக என்று தெரிந்தால் 'பிஜி_கேன்சல்_பேக்எண்ட்' கொண்டு அதை ரத்து செய்யுங்கள். வரிசை சட்டென்று கலையும். அதற்கும் மசியாத இணைப்பை 'பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட்' துண்டித்துவிடும். லினக்ஸில் 'கில்' கட்டளையை ஒன்பதாம் எண்ணோடு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். ஓர் இணைப்பை அப்படிக் கொன்றால், பகிர்ந்த நினைவகம் கெட்டிருக்கலாம் என்று கருதி சர்வர் எல்லா இணைப்புகளையும் துண்டித்து மீட்புப் பணியில் இறங்கிவிடும்.

மறுபடி நடக்காமல் இருக்க, அமைப்பை மாற்றும் எந்தக் கட்டளைக்கும் முன்னால் 'லாக்_டைம்அவுட்' அளவை மூன்று நொடி என்று வைக்கச் சொல்லுங்கள். பூட்டு கிடைக்காவிட்டால் அது தோற்று விலகும். சிறிது நேரம் கழித்து மறுபடி முயலலாம். தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸை உருவாக்கும்போது 'கன்கரன்ட்லி' சேருங்கள். நேரம் கூடும், ஆனால் எழுதுபவர்கள் நிற்க மாட்டார்கள். பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சும். அதை நீக்கிவிட்டுத் திரும்ப உருவாக்க வேண்டும்.

இப்போது வேகம்

'ஷேர்டு_பஃபர்ஸ்' இயல்பில் 128 எம்பி. தரவுத்தளத்துக்கென்றே இருக்கும் கணினியில் மொத்த நினைவகத்தில் கால்பங்கு என்று தொடங்குங்கள். 'வொர்க்_மெம்' அளவில்தான் கவனம் தேவை. இயல்பான 4 எம்பி குறைவாகத் தோன்றும், 64 என்று ஏற்றத் தோன்றும். ஆனால் அது ஓர் இணைப்புக்கான அளவு அல்ல. ஒரு வினவலுக்குள் நடக்கும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் ஹாஷ் ஜாயினுக்கும் (அட்டவணைகளைப் பொருத்தும் வேலைக்கும்) தனித்தனியாக அவ்வளவு எடுக்கலாம். 100 இணைப்புகள் நான்கு நான்கு வேலைகள் செய்தால் 25,600 எம்பி. 16 ஜிபி கணினியில் லினக்ஸ் கர்னல் நினைவகம் போதாமல் ஒரு போஸ்ட்கிரெஸ் செயல்முறையைக் கொன்றுவிடும். அதன் விளைவு மேலே சொன்ன ஒன்பதாம் எண் 'கில்' போன்றதே. பொது அளவைக் குறைவாக வைத்து, அறிக்கை எடுக்கும் பயனருக்கு மட்டும் 'ஆல்டர் ரோல்' மூலம் கூட்டிக்கொடுங்கள். இணைப்புகள் போதவில்லை என்றால் 'மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ்' அளவை ஏற்றிக்கொண்டே போக வேண்டாம். சில இணைப்புகளையே பலருக்கும் பகிர்ந்து தரும் 'பிஜிபவுன்சர்' ஒன்றை நடுவில் வையுங்கள்.

மெதுவான வினவல்களைக் கண்டுபிடிக்க 'பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ்' நீட்சியைச் சேருங்கள். ஒருமுறை மறுதொடக்கம் தேவைப்படும். தனியாக ஐந்து நொடி எடுக்கும் வினவலைவிட, ஐந்து மில்லிநொடியே எடுத்து நாளுக்கு லட்சக்கணக்கில் ஓடும் வினவல் அதிகச் சுமை தரலாம். ஆகவே மொத்த நேரத்தின்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். சிக்கியதை 'எக்ஸ்பிளெயின் அனலைஸ்' கொடுத்துப் பார்க்கும்போது, மதிப்பிட்ட வரிகளுக்கும் உண்மையில் வந்த வரிகளுக்கும் நூறு மடங்கு வேறுபாடு இருந்தால் புள்ளிவிவரம் பழசாகிவிட்டது. முதலில் 'அனலைஸ்' ஓட்டுங்கள். 'எக்ஸ்பிளெயின் அனலைஸ்' வினவலை உண்மையிலேயே ஓட்டிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். 'அப்டேட்', 'டெலீட்' போன்றவற்றை 'பிகின்', 'ரோல்பேக்' இரண்டுக்கும் நடுவே வைத்தே சோதிக்க வேண்டும்.

பதிப்பு மாற்றம்

சிறு பதிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள். நிரல் கோப்புகள் மாறும், ஒரு மறுதொடக்கம் நடக்கும். தரவின் வடிவம் மாறாது. வெளியீட்டுக் குறிப்பை மட்டும் படித்துவிடுங்கள், எப்போதாவது ஓர் இண்டெக்ஸை மறுபடி கட்டச் சொல்லியிருப்பார்கள்.

லினக்ஸையே புதுப்பிக்கும்போது கவனம் வேண்டும். 2018-இல் வந்த, லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.28 பல மொழிகளின் வரிசைமுறையை மாற்றியது. பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸில் புதிய வரிசைப்படி தேடினால், இருக்கிற வரியையே இல்லை என்று சொல்லும்; தனித்துவ இண்டெக்ஸ் இருந்தும் இரட்டைப் பதிவுகள் நுழையும். டெபியன் 9-இலிருந்து 10-க்கோ, உபுண்டு 18.04-இலிருந்து 20.04-க்கோ போனவர்கள் இந்தக் கோட்டைத் தாண்டியவர்கள். எழுத்து நெடுவரிசைகள் உள்ள இண்டெக்ஸ்களை 'ரீஇண்டெக்ஸ்' செய்தார்களா என்று உங்களுக்கு முன்பு இருந்தவரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் தெரியவில்லை என்றால் ஒரு விடுமுறை நாளில் நீங்களே செய்துவிடுவது நல்லது.

பெரிய பதிப்பு மாற்றத்துக்கு 'பிஜி_அப்கிரேட்' இருக்கிறது. முதலில் 'செக்' விருப்பத்தோடு ஓட்டினால் எதையும் மாற்றாமல் தடைகளை மட்டும் சொல்லும். 'லிங்க்' விருப்பம் கோப்புகளை நகலெடுக்காததால் பெரிய தரவுத்தளமும் விரைவில் முடிந்துவிடும். ஆனால் புதிய சர்வரை ஒருமுறை தொடங்கிவிட்டால் பழையதைப் பாதுகாப்பாகத் திரும்பத் தொடங்க முடியாது. ஆகவே அதற்கு முன் முழு பேக்கப் கட்டாயம். மாதாமாதம் மீட்டுப் பார்க்கும் அந்தக் கணினியில் முதலில் முழு ஒத்திகை பார்த்துவிடுங்கள். மாற்றம் முடிந்ததும் எல்லாத் தரவுத்தளங்களிலும் 'அனலைஸ்' ஓட்டுங்கள். 18-ஆம் பதிப்புக்கு முன் புள்ளிவிவரங்கள் எதுவும் கூட வருவதில்லை. செயலியைத் திறந்துவிட்ட கையோடு புதிய அடிப்படை நகல் ஒன்றையும் எடுத்துவிடுங்கள். பழைய பதிப்பில் எடுத்த நகலின்மேல் புதிய பதிப்பின் மாற்றப் பதிவேட்டை ஓட்ட முடியாது. அந்த நகல் எடுத்து முடியும் வரை நிமிடக் கணக்கில் பின்னோக்கிப் போகும் வசதி உங்கள் சர்வருக்கு இல்லை.